சீனி கூடிய கர்ப்பிணித் தாய் பட்டினி கிடக்கலாமா?

கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, "உங்களுக்குச் சீனி கூடியிருக்கு" என்று சொன்னதும் நம் தாய்மார் சிலர் செய்வது என்ன? வீட்டுக்கு வந்து சோற்றைக் குறைக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டை விடுகிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு முந்திய நாள் ஏறக்குறையப் பட்டினி. மறுநாள் எண் நன்றாக வருகிறது, மிட்வைப் மிஸ்ஸும் ஏசவில்லை. ஆனால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

இரத்தசோகையும் எடைக்குறைவும் நம் தோட்டப் பகுதித் தாய்மாரிடம் ஏற்கெனவே அதிகம். மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து, முகாமிலோ உறவினர் லயத்திலோ இருக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாடே ஒரு கவலை. ஆகவே இந்தப் பாடத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: குறைக்க வேண்டியது சீனியையும் மாவையும்தான், சாப்பாட்டை அல்ல.

ஏன் வருகிறது?

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சில சுரப்புகள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. அவை இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஆறாம் மாதமளவில் இந்தத் தடை வலுக்கிறது. ஈடுகொடுக்கும் அளவு இன்சுலின் சுரக்காத தாய்க்கு இரத்தத்தில் சீனி ஏறுகிறது. அந்தச் சீனி பிள்ளைக்கும் போகிறது. தாயின் இன்சுலினோ போவதில்லை. எனவே பிள்ளை தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து, கொழுத்து வளர்கிறது. பிரசவம் கஷ்டமாகலாம். கொப்பூழ்க்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடும், பிள்ளையின் இன்சுலின் நிற்காது. அதனால்தான் பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவும், பிள்ளையின் சீனியைப் பார்க்கவும் சொல்கிறார்கள்.

"நிறையச் சீனி தின்றதால் வந்தது" என்று மருமகளை ஏசும் மாமியார்மார் இதைக் கவனிக்கவும். அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

பரிசோதனை

முதற்பதிவின்போதும், 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறையும் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ஒரு மணி, இரண்டு மணி கழித்து மறுபடி எடுப்பார்கள். 92, 180, 153 என்ற அளவுகளில் ஏதாவது ஒன்றை எட்டினாலும் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள். தமிழ்நாட்டில் டாக்டர் வீ. சேஷையா இதை இலேசாக்கினார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி கழித்து ஒரே ஒரு சோதனை, 140 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். தூரத்துக் கிராமத்துப் பெண் வெறும் வயிற்றோடு பஸ் ஏறக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நமக்கு இங்கே பட்டினியாகத்தான் போகவேண்டும். சோதனை முடிந்ததும் சாப்பிட ஒரு பொட்டணம் கட்டிக்கொண்டு போங்கள்.

எதை, எப்படிச் சாப்பிடுவது?

மலைக்குப் போகும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை இரண்டு கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. பிறகு பகல்வரை ஒன்றுமில்லை. பகல் ஒரு கோப்பை நிறையச் சோறு. இதில் மாவும் சீனியும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. காலை வேளையில் உடம்பு சீனியை ஏற்பதும் கடினம்.

இதையே மாற்றலாம். காலையில் ஒரு ரொட்டி, முடிந்தால் பாதி குரக்கன் மா கலந்தது, அதோடு அவித்த கௌபியோ முட்டையோ, சீனியில்லாத தேத்தண்ணி. பத்து மணிக்கு ஒரு பிடி அவித்த கடலை. பகல் கோப்பையில் பாதி கீரை, போஞ்சி, கோவா, லீக்ஸ் போன்றவை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, மீன், முட்டை. மாலையில் சிறிது பயறு. இரவும் பகலைப்போலவே. உருளைக்கிழங்கு, மரவள்ளி, ஈரப்பலா எல்லாம் சோற்றின் கணக்கு; கறி என்று எண்ணி மேலதிகமாகப் போடக்கூடாது. கருப்பட்டியும் சீனிதான்.

நிவாரணப் பொதியில் அரிசி, மா, சீனி, பிஸ்கட் வரும். பருப்பும் டின் மீனும் நெத்திலியும் வந்தால் அவற்றை முதலில் கர்ப்பிணித் தாய்க்கு ஒதுக்குங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவேண்டாம். நாம் பறிக்கும் கொழுந்தே அந்தச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கிறது!

அளந்து பார்த்தல்

எந்தச் சாப்பாடு நமக்குச் சீனியை ஏற்றுகிறது என்பதைச் சொல்வது விரல்நுனி இரத்தம்தான். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணியில் 140க்குக் கீழ், இரண்டு மணியில் 120க்குக் கீழ் இருக்கவேண்டும். முதல் வாய் உண்ட நேரத்திலிருந்து கணக்கிடவேண்டும். கையைச் சவர்க்காரத்தால் கழுவித் துடையுங்கள். விரலில் மாவோ சீனியோ ஒட்டியிருந்தால் எண் பொய் சொல்லும். நுவரெலியாக் குளிரில் விரைத்த விரலில் இரத்தம் வராது, முதலில் தேய்த்துச் சூடாக்குங்கள். நம் பனியும் ஈரமும் பரிசோதனைக் கீற்றுகளைக் கெடுத்துவிடும், குப்பியை உடனே மூடுங்கள். இயந்திரத்தை அயல் வீட்டாரோடு பகிர்ந்தாலும் ஊசியைப் பகிரக்கூடாது. இயந்திரம் இல்லாதவர்கள் எந்த நாளில், எத்தனை தடவை இரத்தம் கொடுக்க வரவேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணோடு சாப்பிட்டதையும் எழுதுங்கள். நல்லபேர் வாங்க எண்ணைக் குறைத்து எழுதினால் வைத்தியருக்கு வழி தெரியாது.

உணவை மாற்றி ஓரிரு வாரத்தில் இறங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் பிள்ளையிடம் போகாது, பயப்படவேண்டாம். பாவிக்கும் குப்பியை அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கவேண்டும். சீனி மருந்தாகும் நேரமும் உண்டு.

இடம் மாறியவர்கள்

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கையிலெடுக்கும் பையில் கர்ப்பிணி அட்டை, மருந்து, இயந்திரம் மூன்றும் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த இடத்து மிட்வைப்பிடம் அட்டையைக் காட்டிப் பதியுங்கள். அட்டை மண்ணோடு போயிருந்தால், எத்தனை மாதம், எந்த மருந்து என்று வாயால் சொன்னாலும் புதிய அட்டை போடுவார்கள்.

பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் ஆறாம் வாரம் அதே குளுக்கோஸ் சோதனை ஒருமுறை, பிறகு வருடாவருடம் ஒருமுறை அவசியம். இந்தத் தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளில் உங்கள் சோதனைக்கும் திகதி கேளுங்கள். அன்றைக்கும் பொட்டணம் மறக்கவேண்டாம்.