ஊசியிலை மரங்களைப் போன்சாயாக வளர்த்தல்

1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பேணப்பட்ட ஜப்பானிய வெள்ளைப் பைன் ஒன்று, 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சிற்கும் தப்பி, 1976இல் வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவிற்கு வழங்கப்பட்டது. இத்தகைய நீடித்த வாழ்விற்கு முறையான பராமரிப்பே அடிப்படையாகும்.

பைன் கிளையைக் கத்தரிக்கும்போது பச்சை ஊசியிலைகள் சிலவற்றை விட்டுவைத்தல் வேண்டும். ஆல், அரசு போன்றவற்றைப்போலப் பழைய வெற்றுக் கிளையிலிருந்து இது எளிதில் துளிர்ப்பதில்லை. இலையற்ற கிளை பெரும்பாலும் பட்டுப்போகும்.

குளிர்கால இறுதியில், மொட்டுகள் நீளுமுன் தொட்டியை மாற்றுக. வேரில் படர்ந்துள்ள வெண்ணிறப் பூஞ்சை இழைகளை நோயென்று கருதலாகாது. அவை நீரையும் தாது உப்புக்களையும் ஈர்த்து வேருக்கு அளிக்கின்றன. ஆதலின் பழைய மண்ணை முற்றிலும் கழுவி அகற்றலாகாது. நீர் தேங்காத பருமணல் கலவையும் திறந்தவெளி வெயிலும் இன்றியமையாதவை.