சக்கரக் காலணியும் மக்கள் நெருக்கமும்

விரைந்து செல்ல வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு இயல்பாக அமைந்தது. தவழும் குழந்தை நடக்கத் துடிக்கிறது; நடை பயின்ற குழந்தை ஓடத் துடிக்கிறது; ஓடிப் பழகிய சிறுவன் உருளும் பொருள் எதுவாயினும் அதன்மேல் ஏறிக்கொள்ள விழைகிறான். இவ்விருப்பத்தைக் குற்றம் என்பார் எவரும் இலர். ஆயினும், விரும்பியதை விரும்பிய இடத்தில் எல்லாம் செய்தல் ஆகுமா என்பது வேறு வினா. குதிகாலில் சக்கரம் பொருத்திய காலணிகளை அணிந்து, மக்கள் நிறைந்த அங்காடிகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் நடைபாதைகளிலும் சிறுவர் சறுக்கிச் செல்லலாமா என்னும் வினா, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாடுகள் பலவற்றில் எழுந்தது.

காலில் சக்கரம் கட்டிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கைவினை வல்லார் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். இன்று பெல்ஜியம் என வழங்கும் நாட்டில் 1735-ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1760-இல் லண்டன் மாநகரை அடைந்து, கடிகாரங்களும் இசைக்கருவிகளும் தாமே இயங்கும் பொம்மைகளும் செய்து பெரும்புகழ் பெற்றார். அவர் செய்த புதுமைகளுள் சக்கரக் காலணியும் ஒன்று. சோஹோ என்னும் பகுதியில் உள்ள மாளிகை ஒன்றில் நிகழ்ந்த மாறுவேட விருந்திற்கு, அக்காலணிகளை அணிந்து, பிடில் வாசித்துக்கொண்டே அவர் சறுக்கி வந்தாராம். விருந்தினர் அனைவரும் வியந்து நோக்கினர். ஆனால், விரைவைக் குறைப்பதற்கோ வழியைத் திருப்புவதற்கோ அக்காலணியில் யாதோர் அமைப்பும் இல்லை. அவர் நேரே சென்று, 500 பவுனுக்கு மேல் விலை பெறும் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றின்மேல் மோதினார். கண்ணாடி நொறுங்கியது; பிடில் முறிந்தது; அவரும் கடுங்காயம் உற்றார். பிற்கால நூலொன்றில் காணப்படும் இச்செய்தியைப் படிப்போர் நகைப்பது வழக்கம். கண்ணாடி நின்ற இடத்தில் மூதாட்டி ஒருவர் நின்றிருப்பின், அந்நகைப்புக்கு இடம் இராது.

இக்குறையைப் போக்கியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர். 1863-ஆம் ஆண்டில் அவர் அமைத்த காலணியில், முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு சக்கரங்கள் இருந்தன. அடித்தட்டிற்கும் அச்சிற்கும் இடையே ரப்பர்த் துண்டுகள் வைக்கப்பட்டமையால், உடலை ஒரு பக்கம் சாய்த்த அளவில் சக்கரங்களும் அப்பக்கம் திரும்பின. காலணியைச் செய்ததோடு பிளிம்ப்டன் நின்றுவிடவில்லை. 1866-இல் நியூபோர்ட் என்னும் கடற்கரை நகரில், விடுதி ஒன்றின் உணவுக்கூடத்தைச் சறுக்கு அரங்கமாக அவர் மாற்றினார். அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய அரங்கங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருகின. 1884-இல் அச்சைச் சுற்றிச் சிறு எஃகுக் குண்டுகளை அமைக்கும் முறை வந்த பின்னர், சக்கரங்கள் முன்னினும் எளிதாகச் சுழன்றன.

அரங்கம் என்பது வழுவழுப்பான தரை மட்டும் அன்று. அங்கு வருவோர் அனைவரும் சக்கரம் அணிந்தவர்கள். அனைவரும் ஒரே திசையில் சுற்றி வருவர். விழுவோர்க்கு விழ இடம் உண்டு. விழக்கூடும் என்று அறிந்தே ஒவ்வொருவரும் உள்ளே நுழைகின்றனர். சக்கரமும் அதற்குரிய இடமும் இவ்வாறு நெடுங்காலம் இணைபிரியாது இருந்தன.

அவ்விணைப்பைப் பிரித்தது ரோஜர் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கரின் கண்டுபிடிப்பு. அவருடைய பெற்றோர் சறுக்கு அரங்கம் நடத்தியவர்கள். எனவே அவர் நடை பயிலும் பருவத்திலேயே சறுக்கவும் பயின்றவர். மனநலத் துறையில் பணிபுரிந்த அவர், 1998-ஆம் ஆண்டில் கலிபோர்னியாக் கடற்கரையில், சறுக்கிச் செல்லும் இளைஞரைக் கண்டு புதிய எண்ணம் ஒன்று கொண்டார். ஓட்டக் காலணி ஒன்றை எடுத்து, வெண்ணெய் தடவும் கத்தியைச் சூடேற்றி, குதிகாலின் அடிப்பகுதியைக் குடைந்து, அதனுள் சறுக்குப் பலகையின் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். 2000-ஆம் ஆண்டில் அக்காலணி விற்பனைக்கு வந்தது. முன்காலை ஊன்றினால் அது வெறுங் காலணி; முன்காலை உயர்த்திக் குதிகாலில் நின்றால் அது வண்டி. ஓடி வந்த சிறுவன் திடீரெனச் சிலைபோல் நின்று, காலை அசைக்காமலே முன்னே செல்வதைக் கண்டோர் வியந்தனர். சில ஆண்டுகளில் நாடு பலவற்றுச் சிறுவரும் அதனை விரும்பி வாங்கினர்.

பழைய சக்கரக் காலணியைக் கடை வாயிலில் கழற்ற வேண்டும். அதனோடு படியேற இயலாது. வகுப்பில் அமர்தலும் அரிது. புதிய காலணிக்கு இத்தடைகள் இல்லை. சக்கரம் குதிகாலுள் மறைந்திருத்தலால், சிறுவன் அதனோடு பள்ளிக்கும் செல்வான், அங்காடிக்கும் செல்வான், மருத்துவமனைக்கும் செல்வான். அக்காலணியின் சிறப்பு இதுவே. அதனால் விளையும் தொல்லையின் வேரும் இதுவே.

2006-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிற்குப் பத்து வார காலத்துள் 67 சிறுவர் சக்கரக் காலணிகளால் காயமுற்று வந்தனர். இதனை ஆராய்ந்த மருத்துவர்களின் கட்டுரை 2007-இல் வெளியாயிற்று. பெரும்பாலோர்க்கு அடிபட்டது கையிலேயே. மணிக்கட்டும் முழங்கையுமே முறிந்தன. ஐவருள் ஒருவர் அக்காலணியை முதன்முறை அணிந்தபொழுதே விழுந்தவர். அமெரிக்காவிலோ, அதே 2006-இல், இக்காலணிகளால் அடிபட்டு அவசர மருத்துவம் நாடியவர்கள் ஏறத்தாழ 1,600 பேர் என அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது.

குதிகாலில் சறுக்குவோனுடைய உடல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சிறு கல் ஒன்று சக்கரத்தைத் தடுத்தாலும், நிலை தவறிப் பெரும்பாலும் பின்புறமாகவே விழுவான். விழுவோன் கையை ஊன்றுதல் இயல்பு. அப்பொழுது உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டின்மேல் இறங்குகிறது. வளரும் சிறுவருடைய எலும்பின் முனையருகே மென்மையான வளர்ச்சிப் பகுதி ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அப்பகுதியினாலேயே. அங்குப் பட்ட அடி, சிலர்க்கு எலும்பின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். சிலர்க்குக் கோணச் செய்யும். ஆதலின், தலைக்கவசமும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் ஆகியவற்றிற்குரிய காப்புகளும் அணிய வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தினர். நல்லுரைதான். ஆனால், கவசமும் காப்பும் பூண்டு தாயுடன் காய்கறி வாங்கச் செல்லும் சிறுவன் எங்கு உளன்? காலணி வெறுங் காலணிபோல் தோன்றும்பொழுது, காப்பு அணிய வேண்டும் என்னும் எண்ணமே எழுவதில்லை.

காலணி செய்தோர் இக்குறைகூறலுக்கு விடை பகர்ந்தனர். மக்கள் விரும்பி ஆடும் விளையாட்டுகள் பலவற்றில் நேரும் காயங்களை நோக்க, இக்காலணியால் நேர்வன குறைவே என்றனர். அவ்விடை பொய் என்று தள்ளத்தக்கது அன்று. ஆனால், அது கேட்ட வினாவிற்கு உரிய விடையும் அன்று. பந்தாடுவோர் திடலில் ஆடுகின்றனர். எதிரே நிற்போரும் ஆட இசைந்து வந்தவர்களே. அங்காடியில் அரிசி வாங்க நிற்கும் முதியவர் எந்த ஆட்டத்திற்கும் இசைந்து வந்தவர் அல்லர்.

கூட்டத்தில் நடப்போரிடையே எழுதப்படாத உடன்பாடு ஒன்று உண்டு. ஆயிரவர் எதிரும் புதிருமாகச் செல்லும் புகைவண்டி நிலையத்தில், ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் செல்வது எவ்வாறு? எதிரே வருபவர் ஓரடியில் நின்றுவிடுவார், அல்லது ஓரடி விலகுவார் என்று ஒவ்வொருவரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கையின்மேலேயே கூட்டம் இயங்குகிறது. நடப்பவனுடைய கால் ஒவ்வோர் அடியிலும் தரையைப் பற்றுதலால், அவன் அந்நம்பிக்கையைக் காப்பாற்ற முடிகிறது.

சறுக்குவோனால் அது முடியுமா என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். அங்காடியில் மெல்ல நடப்பவர் மணிக்கு 4 கிலோமீட்டர் செல்கிறார் என்றும், ஓடிவந்து சறுக்கும் சிறுவன் மணிக்கு 12 கிலோமீட்டர் செல்கிறான் என்றும் கொள்க. எதிரே ஒரு குழந்தை குறுக்கிட்டதைக் கண்ட பின்னர், நிற்க வேண்டும் என்று மனம் எண்ணிக் கால் அதற்கு அடங்க அரை நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் நடப்பவர் ஒரு முழத்திற்குச் சற்று மிகுதியாகச் செல்வார். சறுக்குவோனோ ஐந்தடிக்கு மேல் சென்றிருப்பான். குதிகாலின் பின்விளிம்பைத் தரையில் அழுத்தி நிறுத்த வேண்டிய தொலைவு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. நெருக்கடியான இடத்தில் ஐந்தடி வெற்றிடம் யாருக்கு வாய்க்கும்? மேலும், விரைவு மும்மடங்கு ஆயின், அதே எடையுள்ள உடலின் இயக்க ஆற்றல் மும்மடங்கு அன்று, ஒன்பது மடங்கு ஆகும் என்பது இயற்பியல் காட்டும் உண்மை. இருபத்தைந்து கிலோ எடையுள்ள சிறுவன்தானே என்று இகழ்தற்கில்லை.

இன்னொரு கேடும் உண்டு. மிதிவண்டி வருவதைக் கண்டோர் அஃது உடனே நில்லாது என அறிந்து விலகுவர். நான்கு சக்கரக் காலணி அணிந்தவனைக் கண்டாலும் அவனது கோலமே எச்சரிக்கும். குதிகாலில் சக்கரத்தை ஒளித்தவனோ நடப்பவனாகவே தோன்றுகிறான். அடுத்த கணம் உருள்கிறான். முதியவர் எதனைக் கண்டு விலகுவார்? வெண்கோல் தட்டி நடக்கும் பார்வையற்றவர் எந்த ஓசையைக் கேட்டு ஒதுங்குவார்? சிறுவன் விழுந்தால் அவன் கை சில வாரங்களில் கூடிவிடும். எழுபது வயதினர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் தாமே நடப்பது உறுதி அன்று. தவறு ஒருவருடையது, துன்பம் மற்றொருவருடையது.

நன்கு பயின்ற சிறுவர் விழுவதில்லை, அவர்களையும் தடுப்பது முறையா என்று கேட்போர் உளர். பயிற்சி பயன் தருவதே. எனினும், தன் கால்களை அடக்கியாள்வதற்கே அது உதவும். பிறர் எப்பொழுது திரும்புவர், எப்பொழுது குனிவர், கைவிட்டு ஓடும் குழந்தை எத்திசையில் பாயும் என்பதை எந்தப் பயிற்சியும் முன்கூட்டி அறிவிக்காது. நகரும் படிக்கட்டும், நீர் சிந்திய பளிங்குத் தரையும் வல்லவனையும் வீழ்த்துவன.

அமெரிக்காவில் பள்ளிகளும் பேரங்காடிகளும் பல, 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் எல்லைக்குள் இக்காலணியால் சறுக்குதலைத் தடைசெய்தன. அத்தடை தக்கதே. சிறுவரும் அதனால் பெரிதும் இழப்பதில்லை. சக்கரத்தைக் கழற்றி, அவ்விடத்தில் அடைப்பான் ஒன்றைச் செருகும் வசதி அக்காலணிகளிலேயே உண்டு. வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதனைச் செய்ய ஆகும் காலம் சில நிமிடங்களே. பெற்றோர் சிலர்க்கு அந்நிமிடங்கள் கிடைப்பதில்லை என்பது வியப்பே.

ஆனால், பலகையில் தடையை எழுதி மாட்டியதோடு பெரியோரின் கடமை முடிந்தது எனக் கருதுதல் நேர்மை ஆகாது. விளையாடும் திடல்கள் கட்டடங்களாக மாறிவிட்ட நகரத்தில், சிறுவன் பளிங்குத் தரையைக் கண்ட இடத்தில் சறுக்குகிறான் என்றால், அதற்கு அவன் மட்டும் பொறுப்பாளி அல்லன். பிளிம்ப்டன் காலணியோடு அரங்கத்தையும் அமைத்தார். அவருக்குப் பின் வந்த வணிகர் காலணியை மட்டும் விற்றனர். சுற்றிலும் கட்டை எழுப்பிய சமதளம் ஒன்றைப் பூங்காவின் மூலையில் ஒதுக்குதல் நகராட்சிக்குப் பெருஞ்செலவு அன்று.

பாரிஸ் மாநகரம் இதற்கு வேறொரு வழி கண்டது. பிரெஞ்சுச் சட்டத்தின்படி சக்கரக் காலணியர் நடப்போர் இனத்தைச் சேர்ந்தவர். எனவே நடைபாதையில் அவர்கள் நடப்போரோடு ஒத்துச் செல்ல வேண்டியவர். விரைந்து செல்ல விரும்புவோர்க்காக, 1990-களில் வெள்ளிக்கிழமை இரவுச் சறுக்கு உலா அங்கே தோன்றியது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை மூன்று மணி நேரத்தில் சுற்றி வருவர். அவர்கள் செல்லும் நேரத்தில் காவலர் தெருக்களில் வண்டிகளை நிறுத்திவைப்பர். கூட்டம் கடந்தபின் தெருக்கள் மீண்டும் வண்டிகளுக்கு உரியவாகும். விரைவை அடக்கி நிற்கத் தெரியாதோர் அவ்வுலாவில் சேர வேண்டா என்பது அறிவுரை. புதிதாகப் பயில்வோருக்கும் குடும்பத்தாருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மெதுவான உலா ஒன்று தனியே ஏற்பட்டது; அதில் தந்தையின் கையைப் பற்றிய சிறுவரும் நடுத்தெருவில் சறுக்கிச் சென்றனர்.