பிஸ்டன் உடைந்தால் பல்லைப் பாருங்கள்

கேள்வி: ஏர்சொஃப்ட் துவக்கில் ஸ்டீல் பல் வரிசை வைத்த பிஸ்டன் போட்டும் நாலாயிரம் குண்டுக்குள் முதல் பல் போய்விட்டது. இதைவிட விலைகூடியது எது? (நீல்சன் வீதி வாசகர்)

விலைகூடியதையும் இப்படியே உடைப்பீர்கள். எந்தப் பல் என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. பாதிப் பேர் “பிஸ்டன் போச்சு” என்று மட்டுந்தான் எழுதுகிறார்கள். செக்டர் கியர் முதலில் கொளுவும் பின்பக்கப் பல் மட்டும் உடைந்தால், கியர் அதை நேராகத் தள்ளவில்லை, நுனியில் குத்துகிறது. சிலிண்டர் தலையில் ரப்பர் தட்டு ஒட்டிப் பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு நிறுத்துங்கள். இரண்டாம் பல்லை அராவி எடுங்கள். அடுத்த பற்கள் வரிசையாக மழுங்கியிருந்தால் குற்றவாளி வேகம்: பிஸ்டன் முன்னுக்குப் போய்ச் சேரமுன் கியர் சுற்றிவந்து பிடித்துவிடுகிறது. 11.1 வோல்ட் பற்றறியும் 13:1 கியரும் சேர்ந்த இடத்தில் இதை அடிக்கடி காண்கிறேன். கியர் பல்லில் கொளுவும் கோணத்தைத் திருத்தாமல் இரும்பை நம்பினால், ஒன்றில் செக்டர் கியர் உடையும், அல்லது பல் வரிசையே பிளாஸ்டிக் உடலிலிருந்து பெயர்ந்து வரும். எந்தப் பிஸ்டன் நல்லது என்று கேட்கமுன் உடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிழை எங்கே என்று அதிலேயே இருக்கிறது.

கேள்வி: மூன்று பிஸ்டன்களைக் குண்டில்லாமல் தலா 10,000 தடவை ஓடவிட்டால் எது உழைக்கும் என்று தெரியுமா? (டாப்ஸ்கொட் வீதி வாசகர்)

தெரியாது. நொடிக்கு 20 வீதம் 10,000 தடவை என்பது எட்டரை நிமிடங்கூட இல்லை. மோட்டர் சூடேறுவதுதான் மிச்சம். குண்டில்லாதபோது முன்னே காற்றுத் தாங்கல் குறைவு, பிஸ்டன் தலை வேகமாக மோதும். நீங்கள் சோதிப்பது பல்லை அல்ல, மோதலை. குண்டோடு, விட்டுவிட்டுச் சுடுங்கள். கியர், பற்றறி, கோணம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் புதிது. ஆயிரத்துக்கு ஒருக்கால் திறந்து பல்லைப் படமெடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றாவது வேண்டும். ஒன்று உடைந்தது வார்ப்புப் பிழையாகவும் இருக்கலாம். ஜனவரியில் சூடாக்காத கராஜிலும் ஒரு சுற்று ஓட்டுங்கள். குளிரில் பிளாஸ்டிக் வேறு சாமான்.

கேள்வி: எம்120 ஸ்பிரிங்கைக் கழற்றி எம்90 போட்டால் பிஸ்டன் கூடக்காலம் உழைக்குமா?

உழைக்கும். ஆனாலும் செய்யாதீர்கள். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 366 அடிக்கு மேல் போகவேண்டும் என்று இங்கே எல்லோரும் பார்ப்பது ஆசையால் அல்ல. அதற்குக் கீழே போனால், உண்மைத் துவக்குப் போலிருக்கும் அந்தச் சாமான் கனடாச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட போலி ஆயுதமாகக் கருதப்படலாம். எம்90 கிட்டத்தட்ட 295 அடிதான்.

கேள்வி: என் மகன் எந்நேரமும் பேஸ்மென்றில் ஏர்சொஃப்ட் துவக்கைக் கழற்றிப் பூட்டுகிறான். பயமாயிருக்கிறது. (ஒரு தாய்)

கழற்றுவதற்குப் பயப்படாதீர்கள் அக்கா. ஸ்பிரிங் துள்ளும், கண்ணாடி போடட்டும். பல் எண்ணி, தேய்மானம் பார்க்கிற பிள்ளைக்கு நல்ல கை வரும். நான் பயப்படுவது வாசலுக்கு வெளியே. 2022 மே மாதம் ஸ்காபரோ போர்ட் யூனியனில், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட பெலட் துவக்கோடு நடந்த 27 வயது இளைஞரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. தூரத்தில் நிற்பவருக்கு எது பொம்மை என்று தெரியாது. ஆகவே மூடிய பெட்டியில், காரின் டிக்கியில், நேரே விளையாட்டுத் திடலுக்கு. நீல்சன் பார்க் போன்ற பொது இடத்தில் ஒரு குண்டுகூட வேண்டாம்.

கேள்வி: எந்தக் கிறீஸ்?

சிலிண்டருக்குச் சிலிக்கன், கியருக்கு லிதியம். பூசுங்கள், நிரப்பாதீர்கள்.