விளம்பரத்தில் பெண் எப்படி நிற்கிறாள்?

புடவைக் கடைகள் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் கலண்டர் அநேகமாக எல்லார் வீட்டுச் சுவரிலும் உண்டு. அதில் ஒன்றைக் கழற்றி அருகில் வைத்துக்கொண்டு இப்பாடத்தை வாசியுங்கள்.

1990களில், மின்சாரமும் பொருட்களும் தடைப்பட்டிருந்த குடாநாட்டில் வணிக விளம்பரம் அரிதாகவே கண்ணிற்பட்டது. 2009இன் பின்னர் சந்திக்குச் சந்தி விளம்பரப் பலகைகள் எழுந்தன. வீட்டினுள்ளே தென்னிந்தியத் தொலைக்காட்சிகள். கூடவே, “கலாசாரம் சீரழிகிறது” என்ற முறைப்பாடும் வலுத்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அது கேட்பது பெரும்பாலும் ஒரேயொரு கேள்வியைத்தான்: உடுப்பு எவ்வளவு? இந்தக் கேள்வி விளம்பரம் செய்தவரை விட்டுவிட்டு, விரைவிலேயே நம் வீட்டுப் பெண்பிள்ளையின் உடுப்பில் வந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1995இல் இந்தியாவில் வெளிவந்த ‘டஃப்’ சப்பாத்து விளம்பரத்தில் மிலிந்த் சோமனும் மது சப்ரேயும் உடையின்றி, காலில் சப்பாத்தும் உடலில் மலைப்பாம்புமாக நின்றார்கள். ஆபாச வழக்கு மும்பாயில் 2009 வரை இழுபட்டு விடுதலையில் முடிந்தது. (பாம்பின் பொருட்டு வனவிலங்குச் சட்டமும் இழுக்கப்பட்டது.) அப்படத்தை நானும் என் வீட்டுச் சுவரில் மாட்டமாட்டேன். என்றாலும் அதில் ஆணும் பெண்ணும் சரிசமமாகவே நின்றார்கள்.

மற்றையது, 2007இல் ‘டோல்சே அன்ட் கபானா’ என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் வெளியிட்டது. ஒருவன் ஒரு பெண்ணைக் கைகளைப் பிடித்துத் தரையோடு அழுத்தியிருக்கிறான். வேறு ஆண்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அவள் உடை அணிந்தேயிருந்தாள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் எதிர்ப்பு எழுந்தபின் அது நிறுத்தப்பட்டது. இந்த இரண்டில் எது பெண்ணை இழிவுபடுத்துகிறது? துணியை அளந்து இதற்கு விடை காண முடியாது.

வேறு எதை அளப்பது? அமெரிக்க சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களைச் சேர்த்து ஆராய்ந்து, 1979இல் நூலாக வெளியிட்டார். அவர் உடுப்பை அல்ல, கையையும் தலையையும் முழங்காலையும் பார்த்தார். ஆண் ஒரு பொருளைப் பிடித்தால் இறுகப் பிடிக்கிறான். பெண்ணின் விரல்களோ அதைத் தடவுகின்றன. ஆண் நிமிர்ந்து நிற்க, பெண் தலையைச் சாய்த்து, ஒரு முழங்காலை மடித்து நிற்கிறாள். தரையிலோ கட்டிலிலோ படுத்திருப்பவர் பெரும்பாலும் பெண்ணே. அவள் பார்வையும் வேறெங்கோ போய்விடுகிறது.

விளம்பரத்தில் சேலைத் தலைப்பைத் தடவும் விரல்களைப் பார்க்கும்போது, வன்னியின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தோடு நாள் முழுவதும் ஓடும் நம் பெண்களின் விரல்கள் எனக்கு ஞாபகம் வருகின்றன. அந்தக் கைகளை எந்த ஆடை விளம்பரமும் காட்டுவதில்லை.

இப்போது கலண்டரைப் பாருங்கள். பட்டுச்சேலை, நிறைந்த நகை, பூ. கலாசாரக் குறை ஏதும் இல்லை. அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? பெரும்பாலும் ஒன்றுமில்லை, பார்க்கப்படுகிறாள். வேட்டி விளம்பரத்து ஆணோ நடந்து வருகிறான், நாலுபேர் அவனை வணங்குகிறார்கள். நிறத்தையும் கவனியுங்கள். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் அந்த நிறம்?

சட்டமும் பெரும்பாலும் ஆபாசத்தையே தேடுகிறது. நம் நாட்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச்சட்டம் 1927ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் 1981இல் இலங்கை ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை, ஒரு பால் தாழ்ந்தது என்ற எண்ணத்தில் ஊன்றிய வழக்கங்களை மாற்றும்படி அரசைக் கேட்கிறது. பிரித்தானியாவில், தீங்கு விளைவிக்கக்கூடிய பால்நிலை வார்ப்புகளை விளம்பரங்களில் 2019 முதல் தடைசெய்திருக்கிறார்கள். ஒரு கடைக்காரருக்கோ பத்திரிகை ஆசிரியருக்கோ கடிதம் எழுத விரும்பும் மாதர் சங்கத்துக்கு, “அரைகுறை உடை” என்ற சொல்லைவிட இவை உறுதியான பிடி.

அடுத்த கூட்டத்தில் ஒரு பயிற்சி. கொஃப்மன் சொன்ன வழிதான்: படத்திலுள்ள பெண்ணின் இடத்தில் ஆணை வைத்துப் பாருங்கள். வந்திருக்கும் ஆண்களில் ஒருவரை, கலண்டர்ப் பெண் நிற்பதுபோலவே தலையைச் சாய்த்து, விரலைக் கன்னத்தில் வைத்து நிற்கச் சொல்லுங்கள். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். சிரிப்பு அடங்கியதும் கேளுங்கள்: இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வருடம் முழுவதும் அவள் அப்படியே சுவரில் நின்றபோது நாம் ஏன் சிரிக்கவில்லை?