இணையவழி எம்.சி.ஏ.: பணம் கட்டும் முன்

சிவகிரியிலிருந்து அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போய்வருவது, வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இணையவழி எம்.சி.ஏ. அவர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது.

முதலில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ('டெப்') இணையதளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. சேரும் படிப்பு, சேரும் கல்வியாண்டு, 'இணையவழி' என்ற முறை மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால், 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்தப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்கு நிகர். சேர்க்கைக்குத் தேவையான 'டெப் ஐடி'யை மாணவரே உருவாக்கிக்கொள்ளலாம். இடைத்தரகர் வேண்டாம்.

எம்.சி.ஏ.வோடு நிற்காமல், முழுக்க இணையவழியிலேயே முனைவர் பட்டமும் உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுவது நல்லது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து தரப்படும் அத்தகைய பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏ.ஐ.சி.டி.இ.) 2022 அக்டோபரில் எச்சரித்திருக்கின்றன.

எம்.சி.ஏ.வில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்று தயங்குகிறவர்கள், என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் அல்காரிதம் போன்ற ஒரு பாடத்தை 8 அல்லது 12 வாரம் படித்துப் பார்க்கலாம். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டுமே கட்டணம், அதையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். வேலைக்கு நடுவே வாராவாரம் அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் முடிக்க முடிகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.