பைக் இன்சூரன்ஸ்: புரோக்கர் சொல்ற ‘கம்மி ரேட்’ எங்கிருந்து வருது?

பைக் இன்சூரன்ஸ் எப்போ முடியுதுன்னு நமக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, போன் பண்றவங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். “சார், உங்க பாலிசி இந்த வாரம் முடியுது. கம்பெனி ரேட்டை விட கம்மியா போட்டுத் தர்றேன், ஆர்சி போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க.” மீட்டிங்குக்கு நடுவுல வர்ற கால். சரின்னு சொல்லி, லிங்க்ல பணத்தைக் கட்டி, ஓடிபியையும் சொல்லிடுவோம். வர்ற பிடிஎஃப்பைத் திறந்து பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி.

புரோக்கர்கிட்ட வாங்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஐஆர்டிஏஐ விதிப்படி ஏஜென்ட் கம்பெனியோட ஆள். புரோக்கர் வாடிக்கையாளரோட ஆள். பல கம்பெனிகளோட பாலிசியைப் பார்த்து உங்களுக்குப் பொருத்தமானதைச் சொல்றதுதான் அவரோட வேலை. நல்ல புரோக்கர் கிளைம் நேரத்துல கூட நிற்பார். ஆனா கமிஷன் கொடுக்கிறது கம்பெனிதான், அதையும் மறக்க வேண்டாம். அதனால ‘கம்மி ரேட்’னு யார் சொன்னாலும் கேட்க வேண்டியது ஒண்ணுதான்: எதுல கம்மி?

ஏன்னா எல்லாத்துலயும் குறைக்க முடியாது. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்குது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு வருஷத்துக்கு ₹714, 350 சிசி வரை ₹1,366. எந்தக் கம்பெனியில, யார் மூலமா வாங்கினாலும் இதே தொகைதான், மேல 18% ஜிஎஸ்டி. ஆக, குறையறது ஓன் டேமேஜ்னு சொல்ற உங்க சொந்த வண்டிக்கான பகுதியில மட்டும்தான். அங்கே கம்பெனி தள்ளுபடி கொடுத்திருந்தா நல்லது. இல்லைன்னா உங்களுக்கு வர வேண்டிய ஏதோ ஒண்ணை வெட்டியிருக்காங்க.

கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிற என் நண்பர் ஒருத்தரோட கதையைப் பாருங்க. 125 சிசி பைக், வாங்கி ஒரு வருஷம். முதல் வருஷத்துலயே மழையில வழுக்கி விழுந்து ஒரு கிளைம் எடுத்திருந்தார். பழைய கம்பெனி அனுப்பின ரினியூவல் ₹1,926. புரோக்கர் சொன்னது ₹1,650. ₹276 மிச்சம்னு உடனே கட்டிட்டார். ராத்திரி பாலிசியை வரி வரியா படிச்சப்பதான் ஒவ்வொண்ணா வெளிய வந்தது.

முதல்ல ஐடிவி. வண்டி திருடு போனாலோ முழுசா நொறுங்கினாலோ கிடைக்கிற அதிகபட்சத் தொகை இது. ஒரு வருஷம் தாண்டி இரண்டு வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டிக்கு வழக்கமான தேய்மானம் 20%. வண்டி விலை ₹1,00,000ன்னா ஐடிவி ₹80,000 பக்கம் இருக்கணும். அவர் பாலிசியில ₹62,000. பிரீமியத்துல குறைஞ்சது ஏதோ நூறு, இருநூறு ரூபாய். வண்டி காணாமப் போனா இழக்கிறது ₹18,000.

அடுத்து, பழைய பாலிசியில இருந்த ஜீரோ டெப் இதுல இல்ல. அது இல்லைன்னா விபத்துல உடையற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% கழிச்சுட்டுத்தான் கிளைம் வரும். இப்போ வர்ற பைக்குல கீழே விழுந்தா முதல்ல உடையறதே பிளாஸ்டிக்தானே?

மூணாவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. நோ கிளைம் போனஸ் 20% போட்டிருந்தாங்க. கிளைம் எடுத்தவருக்கு ஏது நோ கிளைம் போனஸ்? “கிளைம் எடுத்திருக்கேன்”னு அவர் போன்லயே சொல்லியிருக்கார். ஆனா விண்ணப்பத்துல ‘இல்லை’ன்னு டிக் ஆகியிருக்கு, அவர் சொன்ன ஓடிபிதான் அதுக்குக் கையெழுத்து. அந்த உறுதிமொழி பொய்னு தெரிஞ்சா ஓன் டேமேஜ் பலன் முழுக்கப் பறிபோகும்னு பாலிசியோட வர்ற நிபந்தனையே சொல்லுது. இன்னைக்கு யாரும் கேட்க மாட்டாங்க. பெரிய கிளைம் வரும்போது பழைய கம்பெனிகிட்ட கேட்பாங்க. அப்போ மாட்டிக்கிறது புரோக்கர் இல்ல, நீங்கதான்.

இவ்வளவையும் வெட்டினவங்க ஒண்ணைச் சேர்த்தும் இருந்தாங்க: தேர்டு பார்ட்டி. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு ஷோரூம்லயே 5 வருஷ தேர்டு பார்ட்டி எடுத்தாகணும். வழக்கமா ‘1+5’னு கொடுப்பாங்க, அதாவது சொந்த வண்டிக்கு 1 வருஷம், தேர்டு பார்ட்டிக்கு 5 வருஷம். அப்போ இரண்டாவது வருஷம் தனி ஓன் டேமேஜ் பாலிசி மட்டும் போதும். என் நண்பர் கட்டின ₹1,650ல ₹714ம் ஜிஎஸ்டியும் சேர்த்து சுமார் ₹842 ஏற்கெனவே கட்டி முடிச்ச ஒரு விஷயத்துக்கு! ₹276 மிச்சம் பிடிச்ச கணக்கு இதுதான்.

(இதுக்கு நேர்மாறா, “5 வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு”ன்னு நிம்மதியா சுத்தறவங்களும் உண்டு. அந்த 5 வருஷம் நீங்க இடிச்ச அடுத்தவங்களுக்கு. உங்க வண்டிக்கு இல்ல.)

இதைச் சரி பண்ணச் சொல்லிக் கேட்டப்போ ஆரம்பிச்சது அலைச்சல். புரோக்கர் ஆபீஸ்ல “கம்பெனிக்குப் பேசுங்க சார்”னாங்க. கம்பெனி கஸ்டமர் கேர்ல “உங்க புரோக்கர் மூலமா எண்டோர்ஸ்மென்ட் ரெக்வெஸ்ட் போடுங்க”ன்னாங்க. எண்டோர்ஸ்மென்ட்னா பாலிசியில செய்யற திருத்தம். மூணு வாரம் இப்படியே ஓடுச்சு. கடைசியில பழைய கிளைம் விவரம், 5 வருஷ பாலிசி நகல் எல்லாத்தையும் வச்சு, கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கே மெயில் போட்டார், புரோக்கருக்கும் ஒரு காப்பி. போனஸ் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி அதைத் திருத்திக் கொடுத்துட்டாங்க. ₹842 திரும்ப வருமாங்கறது இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு.

“இன்னைக்கே கட்டலைன்னா போச்சு”ங்கற அவசரத்துக்கும் மயங்காதீங்க. கெடு தாண்டினாலும் 90 நாளுக்குள்ள புதுப்பிச்சா நோ கிளைம் போனஸ் போகாது. 5 வருஷ தேர்டு பார்ட்டி ஓடிக்கிட்டு இருந்தா, இன்சூரன்ஸ் இல்லைன்னு ₹2,000 அபராதமும் வராது. இடைப்பட்ட நாள்ல உங்க வண்டிக்கு அடிபட்டா செலவு உங்களோடது, புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதிக்கக் கேட்பாங்க, அவ்வளவுதான். ஆனா தேர்டு பார்ட்டியே முடிஞ்சிருந்தா ஒரு நாள்கூட வண்டியை வெளிய எடுக்காதீங்க. யாரையாவது இடிச்சா நஷ்டஈடு உங்க பாக்கெட்டுல இருந்துதான் போகும், அது எத்தனை லட்சமா வேணும்னாலும் இருக்கலாம்.

அடுத்த தடவை கால் வந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி பிரேக்அப்பை எழுத்துல அனுப்பச் சொல்லுங்க. ஐடிவி எவ்வளவு, நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம், தேர்டு பார்ட்டி சேர்ந்திருக்கா, ஜீரோ டெப் இருக்கா, ₹15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்த்திருக்காங்களா? கடைசியா சொன்னது, அதே அளவுக்குத் தனியா விபத்துக் காப்பீடு வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு தடவை தேவையில்லை. எழுத்துல தர மாட்டேன்னு சொன்னா அந்தக் காலை அங்கேயே கட் பண்ணிடலாம். பணத்தையும் புரோக்கரோட ஜிபே நம்பருக்குப் போடாதீங்க, கம்பெனியோட பேமென்ட் லிங்க்ல மட்டும் கட்டுங்க. பிரீமியம் கம்பெனி கைக்குப் போகாம பாலிசி ஆரம்பிக்காது, இன்சூரன்ஸ் சட்டத்தோட 64விபி பிரிவே அதைத்தான் சொல்லுது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. இரண்டு வாரத்துல பதில் இல்லைன்னா ஐஆர்டிஏஐயோட ‘பீமா பரோசா’ தளத்துல பதிவு பண்ணலாம், 155255க்கும் கூப்பிடலாம். அதுலயும் தீரலைன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கார், தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 2021ல விதியைத் திருத்தினதுல இருந்து புரோக்கரோட சேவைக் குறைபாட்டையும் அவர்கிட்ட கொண்டு போகலாம். அந்த வாட்ஸ்அப் சாட்டை மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க.