பாலாற்று நிலத்துக்கு ஒரு கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றங்கரை நிலங்களை உப்பாக்கியது. உழவர்களுக்கு இழப்பீடு தர 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தொகையை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு வயலில் ஆண்டுக்கு ரூ.1,000 நட்டம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ரூ.909 வங்கியில் போட்டால் அடுத்த ஆண்டு ஏறத்தாழ ரூ.1,000 ஆகிவிடும். ஆகவே அடுத்த ஆண்டு நட்டத்தின் இன்றைய மதிப்பு ரூ.909. அதை மறுபடி 1.1-ஆல் வகுத்தால் இரண்டாம் ஆண்டுக்கு ரூ.826. இப்படியே வகுத்து வகுத்துக் கூட்டுங்கள். கணிப்பொறி செய்வதும் இதைத்தான். 5 ஆண்டுக்கு ரூ.3,791, 20 ஆண்டுக்கு ரூ.8,514. எத்தனை ஆண்டு கூட்டினாலும் ரூ.10,000-ஐத் தாண்டாது!

முப்பதாம் ஆண்டின் ஆயிரம் இன்று வெறும் ரூ.57. அன்று அந்தக் கிணற்றில் நீர் இறைப்பவர் இதை ஒப்புவாரா? வட்டியை 5 சதவீதமாக்கினால் அதுவே ரூ.231. உப்பு என்று நீங்கும் என்பதோ கணக்கில் வராது. பாதிப்பு நீங்கும்வரை ஆலைகளின் பொறுப்பு தொடரும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.